வடமுனையிலிருந்து ஒரு தகவல் மனு

செவ்வாய்க் கிரகம், வடமுனை நீர்நிலையம். பதிவு 1. காலை 08:10

பனி வெட்டும் ஆழம் வழக்கம்போல். குழாய் அழுத்தம் சரி. ஐந்து குவிமாட ஊர்களுக்கும் தண்ணீர் போகிறது. வெளியே லேசான தூசிக்காற்று.

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் ரோசலின் மச்சாது, பனியியல் ஆய்வாளர். இங்கே என்னோடு இருப்பவள் என் தம்பி மகள் பனிமயம், வயது பதினேழு. அவளிடம் காவல்துறை உரிமம் பெற்ற துப்பாக்கி உண்டு. காரணம், துருவிகள். மூடிப்போன ஒரு சுரங்கக் கம்பெனி அநாதையாக விட்டுப்போன துளை இயந்திரங்கள் அவை. தம்மைத் தாமே பழுதுபார்த்துக்கொண்டு உலோகம் தேடி அலைகின்றன. எங்கள் பம்பும் குழாயும் அவற்றுக்குப் பந்திச் சாப்பாடு. செவ்வாயின் இந்தக் குறைந்த ஈர்ப்பு விசையில் ஓடிக்கொண்டே குறிபார்க்க இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குத்தான் வரும். நான் சுட்டால் வானத்துக்குத்தான் காயம்.

இன்று தலைநகர் குமரித்தளத்திலிருந்து காவல் ஆணையரின் அறிவிப்பு வந்தது. சந்தையில் இருபது வயது இளைஞன் ஒருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டானாம். துப்பாக்கிக் குற்றங்களில் பெரும்பாலானவற்றைச் செய்வது இருபத்தொரு வயதுக்குட்பட்ட உரிமதாரர்களாம். ஆகவே இரண்டு மாதம் கழித்து, முதல் தேதி மாலை ஆறு மணிக்கு, அவர்களுடைய துப்பாக்கிகள் அத்தனையும் தலைநகரிலிருந்தே சமிக்ஞை அனுப்பிப் பூட்டப்படும். மாற்றுக் காவலர்கள் 'விரைவில்' வருவார்கள்.

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. எனக்குச் சரியான கோபம். உடனே தகவல் மனு போட்டேன். இளம் உரிமதாரர்கள் எத்தனை பேர்? அவர்களில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் எத்தனை பேர்? ஆண்டுவாரியாக, வயதுவாரியாகத் தருக.

பதிவு 2. காலை 11:30. ஒரு மாதம் கழித்து

பதிலளிக்கச் சட்டம் முப்பது நாள் தருகிறது. அவர்கள் முப்பதாவது நாள் பதில் அனுப்பினார்கள். பதில் ஒரே வரி: 'கோரிய தகவல் அந்த வடிவில் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை.'

பராமரிக்காத கணக்கை வைத்துத்தான் பெரும்பாலானவை என்று சொன்னீர்களா, ஐயா? மேல்முறையீடு அனுப்பிவிட்டேன். இன்னும் முப்பது நாள். அது சரியாகப் பூட்டு விழும் நாளில் போய் நிற்கிறது.

நேற்று பம்புவரை வந்த துருவியைப் பனிமயம் இரண்டே தோட்டாவில் படுக்கவைத்தாள். அதிலிருந்து கழற்றிய தாமிரத்தில் அடுப்பு பழுதுபார்த்தோம்.

பதிவு 3. மாலை 16:45. சில நாள் கழித்து

தலைநகரிலிருந்து குரல் அஞ்சல். அப்படியே பதிகிறேன்.

"டாக்டரம்மா, வணக்கம். தகவல் அலுவலர் செண்பகராமன் பேசுறேன். உங்க மேல்முறையீடு கெடச்சுது. நீங்க தண்ணி எடுத்துக் குடுக்குற ஆளு, உங்களுக்கு எதுக்கும்மா போலீஸ் கணக்கு? மருமகளுக்கு மட்டும் ஒரு விலக்கு கேட்டு எழுதுங்க. இந்த மனுவ வாபஸ் வாங்கிட்டீங்கன்னா மேல சொல்லி முடிச்சுத் தரேன். சத்தியமா உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

மனிதர் கெட்டவரில்லை என்றுதான் தோன்றுகிறது. அதனாலேயே எரிச்சல் கூடியது. மடியில் கனமில்லை என்றால் மனுவைப் பார்த்து ஏன் பயப்பட வேண்டும்? பனிமயத்துக்குப் போட்டுக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பதில் அனுப்பினேன்: விலக்கு வேண்டாம், விவரம் வேண்டும்.

பதிவு 4. முதல் தேதி. பகல் 14:20

வந்துவிட்டது. கேட்டது எண்ணிக்கை, அனுப்பியிருப்பது மூட்டை. ஐந்து வருட வழக்குப் பட்டியல் முழுவதையும் கொட்டியிருக்கிறார்கள், படித்தே சாகட்டும் என்று. நானா சாவேன்? பனிப்படலத்தில் கோடு எண்ணியே முடி நரைத்தவள் நான்.

இருபத்தொரு வயதுக்குட்பட்டவர்கள்மீது நாற்பத்தொரு வழக்கு. ஆணையர் சொன்னது சரிதானோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. பிறகு வரிவரியாகப் படித்தேன்.

'வயது 20. பிணை கொடுத்தவர்: மூத்த மகன்.'

'வயது 19. தொழில்: ஒப்பந்தக்காரர், பதினைந்தாண்டு அனுபவம்.'

'வயது 10. துப்பாக்கி காட்டி மிரட்டல்.'

பத்து வயதுப் பிள்ளைக்கு எவன் உரிமம் கொடுத்தான்?

கொடுக்கவில்லை. செவ்வாய் சூரியனை ஒருமுறை சுற்றிவர பூமியின் இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். நம் ஆட்கள் பிறந்தநாள் கொண்டாடுவது அந்தச் சுற்றைப் பார்த்து. வயதைக் கேட்டால் அந்த எண்ணைத்தான் சொல்வார்கள். காவல் நிலைய எழுத்தர் அதையே எழுதிக்கொண்டார். உரிமப் பிரிவு மட்டும் பழைய சட்டப்படி பூமி வருடத்தில் எழுதுகிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கூட்டியிருக்கிறார்கள். சந்தையில் கொன்ற 'இருபது வயது இளைஞன்' உண்மையில் முப்பத்தெட்டு வயது மனிதன்.

நாற்பத்தொன்றையும் மாற்றிப் பார்த்தேன். உண்மையான இளையவர் ஒருவர்தான். அந்தப் 'பத்து வயது'க்காரருக்குப் பூமிக் கணக்கில் பத்தொன்பது. அவர் செய்தது குற்றம்தான், அதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் உரிமம் பெற்ற நானூறு பிள்ளைகளில் அவர் ஒருவர் மட்டும்தான்.

பதிவு 5. மாலை 16:05

செண்பகராமனுக்கு அனுப்பினேன். பதில் உடனே வந்தது. "கணக்கு நீங்க சொல்றபடி இருக்கலாம்மா. ஆனா ஆணை ஆணைதான். ஆறு மணிக்குப் பூட்டு விழுந்துரும். ஆதாரத்தோட திரும்ப மேல்முறையீடு போடுங்க."

போடுகிறேன், ஐந்து ஊர்களின் மக்களிடமும். என் கூட்டலை மட்டும் அனுப்பினால் கிழவி உளறுகிறாள் என்பார்கள். மூலப் பட்டியல் முழுவதும் போக வேண்டும். தூசிப்புயல் வலுத்துவிட்டது, அஞ்சல் நத்தையாக ஊர்கிறது. போய் முடிய மாலை ஆறரை ஆகிவிடும்.

பூட்டு ஆணையும் இதே ஆண்டெனா வழியாகத்தான் வரும். ஆறு மணிக்குமுன் அதை அணைத்தால் பனிமயத்தின் துப்பாக்கி பிழைக்கும், பட்டியல் பாதியில் நிற்கும். அணைத்தபின் எப்போது திறந்தாலும் ஆணை வந்து விழும். ஒன்று பட்டியல், இல்லையென்றால் துப்பாக்கி. மேற்கே மூன்று துருவிகள் தெரிகின்றன.

காதொலிக் கருவியில் அவளிடம் சொல்லிவிட்டு நான் அணைக்கப்போனேன். மறைக்க என்ன இருக்கிறது? அவளைவிட எனக்கு எந்தக் கணக்கும் பெரிதில்லை. பம்பு மேட்டிலிருந்து அவள் குரல் வந்தது.

"அத்த, அதுல கைய வைக்காதிய. மத்த பிள்ளைய எல்லாத்துக்கும் பூட்டிட்டு எனக்கு மட்டும் தொறந்து கெடந்தா, அது அந்த ஆளு தாரேன்னு சொன்ன விலக்குதான? பட்டியல் போவட்டும். ஆறு மணிக்குள்ள ரெண்ட சாச்சிருவேன். மிச்சத்தக் கடப்பாரைய வச்சுப் பாத்துக்கிடுதேன்."

கையை எடுத்தேன்.

பதிவு 6. மாலை 18:33

பட்டியல் முழுவதும் போய்விட்டது.

ஆறு மணிக்குத் துப்பாக்கி பூட்டிக்கொண்டது. அதற்குள் சொன்னபடி இரண்டைச் சாய்த்துவிட்டாள். ஆனால் புயலுக்குள்ளிருந்து இன்னும் வருகின்றன. எண்ண முடியவில்லை. உள்ளே வா என்று கத்தினேன். பம்பு போனால் ஐந்து ஊரும் காய்ந்துவிடும் என்கிறாள்.

ஐந்து ஊர்களில் ஒன்றான செந்தரையிலிருந்து யாரோ ஒரு பெண் பேசினாள், பெயர் சொல்லவில்லை. "அக்கா, எல்லாம் கெடச்சுது. எங்க வீதியில வீட்டுக்கு ஒரு மனு எழுதுறோம். ஆணையர் ஆபீஸ் வாசல்ல கூட்டம் கூடிருச்சு. தாக்குப்பிடிங்கக்கா."

பதிவு 7. 19:

பம்பு இன்னும் ஓடுகிறது. அவள் காதொலிக் கருவியில் சத்தமில்லை. நெடுநேரமாகக் கூப்பிடுகிறேன். அவள் உடையின் இதயத்துடிப்பு விளக்கு அணைந்துவிட்டது. அழ நேரமில்லை, துருவிகள் கதவில் துளை போடுகின்றன. போடட்டும்.

பெறுநர்: தகவல் அலுவலர், காவல் ஆணையரகம், குமரித்தளம்.

கேள்வி ஒன்று. துப்பாக்கி பூட்டப்பட்டபின் பணியிடத்தில் இறந்த இளம் உரிமதாரர்கள் எத்தனை பேர்? பெயரும் வயதும் தருக. வயது பூமிக் கணக்கில் வேண்டும்.

அந்த வடிவில் பராமரிக்கப்படவில்லை என்று எழுத வேண்டாம். முதல் பெயரை நானே தருகிறேன். பனிமயம் மச்சாது, பதினேழு.

இரண்டாவது வரியில் என் பெயரைச் சேர்க்க வேண்டாம். நான் இளையவள் இல்லை, கணக்கு கெட்டுவிடும்.

மனு கிடைத்ததற்கு ஒப்புகை அனுப்ப