வெள்ளிக்கிழமைக்கு முன் சொல்லிவிடு

அன்புள்ள நர்மதாவுக்கு, அம்மா எழுதுவது. ராசிபுரத்தில் நாங்கள் மூவரும் நலம். ஒன்பது நாளாக நீ போனை எடுக்காததால் உன் நலத்தை மட்டும் நானாக நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான் சொல்லச் சொல்ல எழுதுவது உன் தங்கை கனிஷ்கா, முடித்ததும் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புவாள்.

அவளை அடிக்காத குறையாகக் கேட்டதில்தான் விஷயம் வெளியே வந்தது. நீயும் உன் புரொபசரும் சேர்ந்து வெளியிட்ட கணக்கில் தப்பு இருக்கிறது, தப்பும் உன்னுடையது, கண்டுபிடித்ததும் நீதான், அவருக்கு இன்னும் தெரியாது, வெள்ளிக்கிழமை அத்தனை பேர் முன்னால் அதைத்தான் அவர் பேசப்போகிறார் என்றாள். என்ன கணக்கடி என்றால், ஈர்ப்பு விசையை வைத்துக் குவாண்டம் பின்னலை அளக்கிற கணக்காம். (பிரபஞ்சத்தின் பின்னலை அளக்கிறவள் தன் தலையைப் பின்னி மூன்று மாதம் ஆகிறது. இது அம்மா சொல்லாதது.)

எனக்குப் புரிய மாட்டேன் என்றது. உன் தங்கைதான் நம் களத்தைக் காட்டினாள். போன மாதம் மக்காச்சோளம் நமக்கு ஒரு குவியல், பெரியப்பாவுக்கு ஒரு குவியல் கிடந்தது. பாகம் பிரித்த நாளிலிருந்து அவரவர் குவியலுக்கு அவரவர் தார்ப்பாய் என்பது உனக்குத் தெரியும். இந்த முறை இடமில்லாமல் இரண்டும் நெருங்கிக் கிடந்தன. பெரியப்பா நாமக்கல் போயிருந்ததால் உன் அப்பாதான் மூடினார், ஒரே பெரிய தார்ப்பாயைச் சேர்த்து இழுத்திருந்தால் துணியும் குறைவு, ஆனால் தனித்தனியாகவே மூடினார். மழை நடு இடுக்கில் இறங்கி இரண்டும் முளைவிட்டுவிட்டன. நீ செய்ததும் இதேதான் என்கிறாள். இரண்டு பகுதிகள் தள்ளி இருந்தால் தனித்தனிப் பரப்பு சரி, நெருங்கி வந்தால் சேர்த்து மூடும் பரப்புதான் சிறியது, சிறியதைத்தான் எடுக்க வேண்டும், தனித்தனியாக மூடுவதைவிட அதில் எவ்வளவு மிச்சமாகிறதோ அவ்வளவு அவை ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றனவாம். நீ கடைசிவரை தனித்தனியாக மூடி, இரண்டுக்கும் உறவே இல்லை என்று எழுதிவிட்டாய். சரிதானா சாமி?

உன் அப்பா மூன்று நாள் மழையைத் திட்டினார். நான்காம் நாள் பெரியப்பாவிடம் போய், "தப்பு என்னுதுங்ண்ணா, சேத்துப் போட மனசு வரல" என்றார். "மூணு நாளா இத வெச்சுட்டு எப்படிடா சோத்த முழுங்குன?" என்று கேட்டார் பெரியப்பா. மறுநாள் நம் குவியலையும் கிளற ஆளோடு வந்து நின்றார். இன்னும் சிரிக்கவில்லை, ஆனால் வந்து நின்றார்.

உன் புரொபசர் எப்படிப்பட்டவரோ எனக்குத் தெரியாது. திட்டலாம், உன் படிப்பு இன்னொரு வருடம் இழுக்கலாம். ஆனால் அவர் மேடையில் நிற்கும்போது வேறொருவர் எழுந்து அந்தத் தப்பைச் சொல்ல, நீ கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. நாளைக்கே போ. வயிற்றைக் காயப்போடாமல் சாப்பிட்டுவிட்டுப் போ. நீ எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். சொல்லிவிட்டு என்னைக் கூப்பிடு. சொல்ல முடியாமல் திரும்பி வந்தாலும் கூப்பிடு.

உன் அம்மா,
சித்ரா