முன்னறையில் நூறு லிட்டர் கடல்

நாள் 1. காலை 6.40. சூடு 29.1. உப்பு 0.

எனக்குப் பின்னால் இந்தத் தொட்டியை எடுத்து நடத்தப் போகிறவருக்கு இதை எழுதுகிறேன். படிவத்தில் எண்களை மட்டும் நிரப்பினால் போதும் என்று பவளப் பாதுகாப்பு மையம் சொல்கிறது. எண்களோடு வாயை மூடிக்கொள்கிற ஆள் நான் இல்லை என்பதை ஆய்வகத்தில் முப்பது வருடம் என்னிடம் மாட்டிக்கொண்டு விழித்தவர்கள் சொல்வார்கள்.

பெயர் ரெனிஷா மச்சாது. வயது 61. கடல் உயிரியல் படித்து ஓய்வு பெற்றவள். தூத்துக்குடி கடற்கரைச் சாலை, மூன்றாம் மாடி. மையத்தின் பட்டியலில் வீடு 11. ஆண்டு 2068.

எங்கள் கரைக்கு எதிரே உள்ள தீவுகளைச் சுற்றியிருந்த பவளம் எல்லாம் வெளுத்துச் செத்துவிட்டது. கடலின் சூடு 34. கடைசியாக எடுத்த மான்கொம்புப் பவளம் ஒன்றைப் பன்னிரண்டு துண்டாக்கி, பன்னிரண்டு வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஒரே இடத்தில் வைத்தால் ஒரே மின்தடையில் எல்லாம் போய்விடும். நாள் 160 அன்று வண்டி வரும். மிஞ்சியதைத் தெற்கே ஆழமான, குளிர்ந்த கடலில் நடுவார்கள். அதுவரை உயிரோடு வைத்திருப்பதுதான் வேலை.

பால்கனியிலிருந்து பார்த்தால் கடல். திரும்பிப் பார்த்தால் உப்பளம். நான் உள்ளே உட்கார்ந்து, கப்பலில் வந்த உப்புப் பொட்டலத்தைக் கிழித்து ஆர்ஓ தண்ணீரில் கலக்கிக்கொண்டிருக்கிறேன். வெளியே இருக்கிற தண்ணீரில் இனி எதையும் வளர்க்க முடியாது. சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

நாள் 12. காலை 7.05. சூடு 26.2. உப்பு 35. அம்மோனியா அதிகம்.

பாறைகளை அடுக்கிவிட்டேன். தண்ணீர் இன்னும் பக்குவப்படவில்லை. பாறையில் செத்தது அழுகி, அந்த அழுகலைத் தின்கிற நுண்ணுயிர்கள் பெருகி, அம்மோனியா பூஜ்யத்துக்கு வர வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே போடுவதெல்லாம் சாகும். வீடு முழுக்கக் கருவாட்டு வாடை.

கீழ் வீட்டிலிருந்து இன்டர்காமில் வந்த செய்தி:

"அக்கா, ரெண்டாம் மாடி சுபிக்ஷா பேசுதேன். மேல என்னமோ மோட்டார் ஓடுற மாரி உர்ருனு சத்தம் வருது. எங்க வீட்டுக்காரவுகளுக்கு வாதம் வந்து படுக்கையில கெடக்காவ. சத்தத்துல தூங்க மாட்டேங்காவ. கொஞ்சம் பாத்துக்கிடுங்கக்கா."

சுபிக்ஷாவின் கணவர் கோகுல் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவர் கட்டில் என் தொட்டிக்கு நேர் கீழே கிடக்கிறதாம். மோட்டாரை நிறுத்த முடியாது, அரசாங்க வேலை என்று பதில் சொன்னேன். கொஞ்சம் கடுப்பாகத்தான் சொன்னேன்.

நாள் 38. காலை 9.30. சூடு 25.8. உப்பு 35. அம்மோனியா 0.

வந்துவிட்டது. உள்ளங்கை அளவுதான். ஐந்து கிளை, நுனிகளில் இளநீலம். பாறையில் ஒட்டிவைத்து அரை மணி நேரம் மூச்சுவிடாமல் பார்த்தேன். பத்தேகாலுக்கு நுனியில் ஒரு சின்னப் பவள உயிரி வாய் திறந்தது. அழுதுவிட்டேன், எண்களோடு இதையும் எழுதிவைக்கிறேன்.

விதிகளைப் பெரிய எழுத்தில் எழுதி, தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியாயிற்று. சோப்புக் கை படக்கூடாது. கொசுமருந்து அடிக்கக்கூடாது. ஆவியாகிற தண்ணீருக்கு ஈடாக நாளுக்கு இரண்டரை லிட்டர் நல்ல தண்ணீர், உப்பு சேர்க்காமல். எல்லாவற்றுக்கும் மேலே, சிவப்பு மையில்: செம்பு ஆகாது. மனிதனுக்கு ஒன்றும் செய்யாத அளவு செம்பு பவளத்தைக் கொன்றுவிடும்.

படிக்க இந்த வீட்டில் வேறு யாரும் இல்லை. யாரையும் உள்ளே விடப்போவதும் இல்லை.

நாள் 98. காலை 8.15. சூடு 25.9. உப்பு 35.

மையம்: "அனைத்து வீடுகளுக்கும். ஒரு கிளையை வெட்டிப் பக்கத்து வீட்டுத் தொட்டிக்கு அனுப்பவும். ஒன்று போனாலும் மற்றொன்றில் இருக்கும்."

என்னுடையது வீடு 12-க்குப் போக வேண்டும். அங்கே இருக்கும் ஆள் தொட்டிக்குள் பிளாஸ்டிக் புதையல் பெட்டி வைத்திருப்பதைப் படத்தில் பார்த்தேன். கத்தரியைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். பவளம் இன்னும் வலுவாகவில்லை என்று பதில் போட்டேன். அது பொய். எட்டுக் கிளை விட்டிருக்கிறது.

கீழிருந்து: "அக்கா, நேத்து கரண்டு போனப்ப உங்க மோட்டார் நின்னு போச்சுல்லா. இவுக முழிச்சிக்கிட்டு மேலயே பாத்துக்கிட்டு கெடந்தாவ. இப்பம்லாம் அந்தச் சத்தம் இருந்தாத்தான் தூங்குதாவ. மேல என்ன இருக்குனு கேட்டாவ. பவளம் வளக்காவனு சொன்னேன். அது நல்லாருக்கானு தெனமும் கேக்காவ."

நல்லாயிருக்கிறது என்று சொன்னேன். அன்றிலிருந்து தினமும் காலையில் கேட்கிறாள், தினமும் சொல்கிறேன்.

நாள் 131. பகல் 2.20. சூடு 27.4. உப்பு 35.

வெளியே 46 டிகிரி. மின்சாரம் விட்டுவிட்டு வருகிறது. பேட்டரியில் மோட்டாரும் ஒரு விசிறியும் ஓடுகின்றன.

மையம்: "வீடு 2, 3, 6, 9 அணைந்தன."

அணைந்தன என்றுதான் எழுதுகிறார்கள். செத்தன என்று எழுத யாருக்கும் கை வரவில்லை.

நாள் 139. காலை 6.50. சூடு 26.8. உப்பு 35.

மையம்: "இந்த வாரத்தில் வீடு 1, 4, 5, 7, 8, 10 அணைந்தன, இன்று வீடு 12. வீடு 11, உங்களுடையது மட்டுமே இப்போது உள்ளது. நாள் 160 வரை காப்பாற்றவும்."

புதையல் பெட்டிக்காரன் கடைசி இரண்டு நாள் பனிக்கட்டிப் பொட்டலங்களை மாற்றிக்கொண்டு தூங்காமலே இருந்தானாம். அவனைப் பற்றி எழுதியதை அடிக்கலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும், என்னைப் பற்றியும் தெரியட்டும்.

என்னுடையது மட்டும்தான் என்றபோது முதலில் வந்தது பெருமை. பயம் பிறகுதான் வந்தது.

நாள் 143. பகல் 11.00. சூடு 26.0. உப்பு 35.

புயல். மின்சாரம் முழுதும் போயிற்று. மோட்டாரும் இன்டர்காமும் பேட்டரியில் ஓடும், ஆர்ஓ ஓடாது. பிடித்துவைத்த இருபது லிட்டர் கேன் ஒன்று இருக்கிறது. எட்டு நாளுக்குத் தாங்கும்.

நாள் 143. மாலை 4.10.

கேனைத் தூக்கி வரும்போது தரையில் சிந்திக் கிடந்த தண்ணீரில் வழுக்கிவிட்டது. கேன் உடைந்தது. கணுக்காலும் உடைந்தது, எலும்பின் சத்தம் கேட்டது. தெருவில் இடுப்பளவு வெள்ளம், ஆம்புலன்ஸ் வர வழியில்லை. தவழ்ந்து போய் இன்டர்காமை அழுத்தினேன்.

சுபிக்ஷா வந்தாள். நூற்று நாற்பத்து மூன்று நாளில் முதல் முறையாக ஒருவரை வீட்டுக்குள் விட்டேன். மரச்சட்டம் வைத்துக் காலைக் கட்டி, கோகுலின் வலி மாத்திரையைக் கொடுத்தாள். தொட்டியைப் பார்த்து, இவ்வளவுதானா அக்கா என்று கேட்டாள். பிறகு அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

அவளிடம் சொன்னேன்: நாளுக்கு இரண்டரை லிட்டர். கையை விடாதே. உப்புப் போடாதே. வீட்டில் இருப்பதிலேயே சுத்தமான குடிதண்ணீர். மாத்திரை கண்ணைச் சொருகியது. இன்னும் ஏதோ ஒன்று சொல்ல வேண்டும் என்று இருந்தது.

நாள் 147. காலை 7.30. சூடு 25.7. உப்பு 35.

நான்கு நாள் எண் எழுதவில்லை. தூக்கமும் வலியுமாகப் போயிற்று. ஆனால் உப்பு 35, தண்ணீர் கோட்டின் மேலேயே நிற்கிறது. சுபிக்ஷா ஒரு நாள் தவறவில்லை. என்னிடம் வேலை பார்த்த எந்தப் பையனும் இவ்வளவு சரியாகச் செய்ததில்லை.

கண்ணாடியைத் துப்புரவாக்கும் நத்தை ஒன்று கீழே விழுந்து கிடக்கிறது. பவளத்தின் வாய்கள் எல்லாம் மூடியிருக்கின்றன. மின்தடையின் அதிர்ச்சியாக இருக்கும்.

நாள் 148. காலை 6.00. சூடு 25.7. உப்பு 35. அம்மோனியா 0.

நத்தைகள் ஐந்தும் செத்துவிட்டன. பவளத்தின் அடியிலிருந்து தோல் நூல்நூலாகப் பிரிகிறது. உள்ளே வெள்ளை எலும்பு தெரிகிறது. வழக்கமான எல்லாச் சோதனையும் செய்தேன், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

6.35. தொடாத பெட்டி ஒன்று மிச்சம். செம்புச் சோதனை. அலமாரிக் கதவைத் திறந்தபோது சிவப்பு எழுத்து என் முகத்துக்கு நேரே இருந்தது.

6.50. குப்பி நீலமாகிவிட்டது.

6.55. தண்ணீரை எதில் வைத்திருந்தாய் என்று சுபிக்ஷாவிடம் இன்டர்காமில் கேட்டேன். அவள் பதில், அப்படியே:

"இவுகளுக்குனு செம்புப் பானைல வைக்கிற தண்ணிதாங்கா. ஒடம்புக்கு அதான் நல்லதுனு சொல்லுவாவல்லா. நீங்க விழுந்த அன்னைக்கே சின்னப் பானை ஒண்ண உங்க பவளத்துக்குனே புளி போட்டு பளபளனு தொலக்கி, அதுல ஊத்தி வச்சேன். பாட்டில்ல மோந்து கொண்டாந்தேன். ஏங்கா, கொறச்சலா ஊத்திட்டேனா?"

பொத்தானை அழுத்தினேன். சரியாகத்தான் ஊற்றியிருக்கிறாய் என்றேன்.

புளி போட்டுத் துலக்கிய பானை. மேல்படலம் போன வெறும் செம்பு, நாலு நாள் தண்ணீர். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் அதை அலமாரிக்குள் ஒட்டி வைத்திருந்தேன்.

நாள் 149. நேரம் பார்க்கவில்லை.

கடைசி உப்புப் பொட்டலத்தை உடைத்தேன். மழைத்தண்ணீரைப் பிளாஸ்டிக் வாளியில் பிடித்துத் தரச் சொன்னேன், ஏன் என்று கேட்காமல் கொண்டுவந்தாள். செம்பை உறிஞ்சக் கரி போட்டேன். பாதித் தண்ணீரை மாற்றினேன். ஒற்றைக் காலில் நின்று.

ஒரு நுனியில் மட்டும் நீலம் இருக்கிறது. அதை வெட்டிப் புதுத் தண்ணீரில் கண்ணாடிக் குப்பியில் வைத்தேன். ஐம்பத்தொரு நாளுக்கு முன்னால் வெட்டச் சொன்னார்கள். அன்றைக்கு வெட்டியிருந்தால் அது வீடு 12-ல் பிழைத்திருக்குமோ, தூங்காமல் காத்தவன் எனக்குத் திருப்பித் தந்திருப்பானோ என்னவோ.

நாள் 151. காலை.

குப்பியில் இருந்ததும் வெளுத்துவிட்டது.

மையத்தின் படிவத்தில் கட்டங்கள். நிலை: அணைந்தது. காரணம்: செம்பு. கடைசியாகத் தண்ணீர் ஊற்றியவர் பெயர் என்று ஒரு கட்டம். ரெனிஷா மச்சாது என்று எழுதினேன்.

மையம்: "வீடு 11, செய்தி கிடைத்தது. பட்டியலில் இனி வீடுகள் இல்லை. வண்டி வராது. மோட்டாரையும் விளக்கையும் நிறுத்தலாம்."

நிறுத்தினேன்.

இரண்டு நிமிடத்தில் இன்டர்காம்: "அக்கா, மோட்டார் நின்னுட்டா? இவுக முழிச்சிக்கிட்டாவ. பவளத்துக்கு என்னாச்சுனு கேக்காவ. கண்ணுல தண்ணியா வடியுது. இருக்குல்லாக்கா அது?"

நாள் 160. காலை 6.00. சூடு 25.8. உப்பு 35. அம்மோனியா 0.

எனக்குப் பின்னால் வருகிறவரே, வருவீர்கள் என்றால்: விளக்கு எரிகிறது. மோட்டார் ஓடுகிறது. தயவுசெய்து நிறுத்தாதீர்கள், கீழே ஒருவர் தூங்குகிறார். பாறையின் மேல் இருப்பது வெறும் வெள்ளை எலும்பு. வெள்ளை நிறத்திலும் பவளம் உண்டு என்று சுபிக்ஷாவிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆறு மணிக்கு வந்தாள். பிளாஸ்டிக் குடத்திலிருந்து சிந்தாமல் இரண்டரை லிட்டர் ஊற்றினாள். வளர்ந்திருக்கிற மாதிரி தெரிகிறதே அக்கா என்றாள். ஆமாம் என்றேன்.

எண்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன.