உயிர்காப்புப் படகில் ஒரு துண்டு

நவம்பர் 3, திங்கள். சின்னமனூர்

லீவு இன்றோடு முடிகிறது. பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது கம்பத்திலிருந்து நான் கட்டிக்கொள்ளப்போகும் சசியின் அப்பா சுருளிவேல் மாமா வந்தார், கையில் ஒரு கூடை பன்னீர் திராட்சை. திராட்சை கொடுக்க மட்டும் வரவில்லை. தை மாதம் கல்யாணம் வைக்க வேண்டுமென்றால் நான் கப்பல் வேலையை விட வேண்டுமாம்.

“தண்ணிக்கு மேல பொட்டப்பிள்ளைக்கு என்ன ஆத்தா வேலை? தேனியில இல்லாத வேலையா?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அப்பா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். “ஒரு தடவ ஏறிப் பாத்துட்டுச் சொல்லுங்க மாமா” என்றேன். கிண்டலாகத்தான் சொன்னேன். அவரோ, “சரி, பாத்துர்றேன். அதுக்குப் பெறகு நான் சொல்றதுதான்” என்று எழுந்து போய்விட்டார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? சசி இல்லாமல் என்னால் முடியாது. கப்பல் இல்லாமலும் முடியாது. சசி பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் வேலை பார்க்கிறான். மாங்கன்றை விட்டுவிட்டு வா என்று அவனை யாரும் கேட்கவில்லையே!

நவம்பர் 4

கொச்சிக்குப் போகும் பஸ் குமுளி மலை ஏறும்போது இரண்டு முறை வாந்தி. கடலில் ஒரு முறைகூட எடுத்ததில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்?

நவம்பர் 8, சனி. கப்பல்

கொச்சியில் கிளம்பித் தீவு தீவாக நின்று போகிறோம். தீவுக்காரர்களுக்கு இதுதான் டவுன் பஸ். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள், மாப்பிள்ளை வீட்டார், கூடையில் கோழி. படுக்கை காட்டுவது, வாந்திக்குப் பை கொடுப்பது, கிளம்பும் முன் லைஃப் ஜாக்கெட் போட்டுக் காட்டுவது எல்லாம் என் வேலை.

ஆழமில்லாத தீவில் கப்பல் கடலிலேயே நின்றுவிடும். படகு வந்து பக்கத்தில் ஒட்டும். அலை அதைத் தூக்கும் நேரம் பார்த்து ஆளை இறக்க வேண்டும். இன்று ஒரு கைக்குழந்தையை வாங்கிக் கீழே கொடுக்கப் போனேன். அது என் தோட்டைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றது. படகுக்காரர் கத்துகிறார், தாய் சிரிக்கிறாள், அலையோ இறங்கிவிட்டது. அடுத்த அலைக்குக் காத்திருந்தோம். காது இன்னும் வலிக்கிறது. நல்ல நாள்.

நவம்பர் 12

சசி போன் செய்தான். கப்பலிலேயே தங்கிச் சுற்றிப் பார்க்கிற டூரில் மூன்று டிக்கெட் எடுத்துவிட்டார்களாம். “அப்பா புதுத் துண்டெல்லாம் வாங்கியாச்சு” என்றான்.

நவம்பர் 14, வெள்ளி

ஏறிவிட்டார்கள். சசி, அவன் அம்மா முருகம்மாள் அத்தை, மாமா. மாமா ஏறிய வேகத்தில் ஜன்னலோரப் படுக்கைகளில் துண்டு, பை, குடை என்று போட்டு இடம் பிடித்துவிட்டார். டிக்கெட்டில் நம்பர் இருக்கிறது என்று ஒரு தீவுக்காரர் சொல்ல, “நம்பரு கெடக்கட்டும், துண்டு கெடக்குல்ல?” என்று சண்டை. கம்பம் பஸ் ஸ்டாண்டையே கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

லைஃப் ஜாக்கெட் போட்டுக் காட்டினேன். ஆபத்து என்றால் இந்தப் பக்கத்துப் பயணிகளுக்கு மூன்றாம் நம்பர் உயிர்காப்புப் படகு, எல்லோருக்கும் இடம் உண்டு என்றேன். மாமா முன்வரிசையில் நின்று கேட்டார். “எடம் இருக்கு எடம் இருக்குன்னுதான் கண்டக்டரும் சொல்லுவான்” என்று அத்தையிடம் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

நவம்பர் 15, சனி

இன்று நடந்ததை நினைத்தால் வருவது சிரிப்பா, பயமா, தெரியவில்லை.

காலையில் டெக் ஆள் ஓடிவந்தார். மூன்றாம் நம்பர் படகின் கயிற்றில் கடல் பக்கமாக ஒரு துண்டும் மஞ்சப்பையும் தொங்குகின்றன. கீழே ஒரு ஜோடி செருப்பு. ஆளைக் காணோம்! யாரோ விழுந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தோம். சீஃப் ஆபீசர் ஜோசப் சார் ஆபத்து மணியை அடிக்கச் சொன்னார். கப்பல் வேகம் குறைந்தது. எல்லோரையும் டெக்கில் நிறுத்தித் தலை எண்ண வேண்டும்.

மைக்கில் சொன்னேன்: “எல்லோரும் எழுந்து நில்லுங்கள். பதறாதீர்கள்.” நின்றார்கள். ஒவ்வொருவருக்காக ஜாக்கெட் கட்டிவிட்டு மேலே அனுப்பினேன். மாமா வெளுத்துப்போய் வெறுங்காலோடு நின்றார். “முங்குதா ஆத்தா?” “பேசாம நில்லுங்க மாமா!” அதட்டிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, யாரை அதட்டினேன் என்று.

எண்ணிக்கை சரியாக இருந்தது. யாரும் விழவில்லை. அப்படியானால் இது யாருடையது என்று ஜோசப் சார் துண்டைத் தூக்கிக் காட்டினார். பச்சைக்கரை போட்ட புதுத் துண்டு. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மாமா கையைத் தூக்கினார். கோட்டயம் வரை திராட்சை விற்றுவந்த மலையாளம் அவருக்கு இருக்கிறது. “நம்மடதா சாரே. சீட்டு பிடிச்சதா.”

டெக்கே சிரித்தது. அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஜோசப் சார் நன்றாகத் திட்டிவிட்டு, கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

எனக்குத்தான் கோபம் அடங்கவில்லை. “மூணு பேருக்குத் துண்டு, பை, ரெண்டு செருப்பா? நாலு எடம் எதுக்கு மாமா?”

“நீயும் வரணும்ல? மஞ்சப்பை ஒனக்குத்தான்.”

கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “எனக்கு எடம் பிடிக்கக் கூடாது மாமா. ஒங்களயெல்லாம் ஏத்திவிட்டுட்டுத்தான் நாங்க ஏறணும்.”

“கடைசியாவா?”

“கடைசியாத்தான்.”

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கீழே இறங்கிப் போய்விட்டார். சொல்லியிருக்கக் கூடாதோ? உள்ளதைத்தானே சொன்னேன்!

நவம்பர் 17

கொச்சியில் இறங்கிப் போனார்கள். அத்தை என் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டார். மாமா, “வாரேன்” என்றார். அவ்வளவுதான்.

டிசம்பர் 19, வெள்ளி. கப்பல்

சசி கல்யாணப் பத்திரிகையைப் போனில் அனுப்பியிருக்கிறான். கப்பலைப் பழுது பார்க்க டாக்கில் ஏற்றும் வாரத்தைக் கேட்டுவைத்துக்கொண்டு, அதற்குள் முகூர்த்தம் பார்த்திருக்கிறார் மாமா. சசி பெயருக்குக் கீழே எம்.எஸ்ஸி. என் பெயருக்குக் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில், “கப்பல் அதிகாரி”!

பதறிப்போய் மாமாவுக்குப் போன் போட்டேன். “நான் அதிகாரியெல்லாம் இல்ல மாமா. ஆளுக சிரிப்பாக.”

“நீ ஒரு வார்த்த சொன்னதும் கப்பலே எந்திரிச்சு நின்னுச்சா இல்லையா? பெறகென்ன ஆத்தா. அச்சடிச்சாச்சு.”