ஆயரின் பெயர் வரும் இடம்

அன்புள்ள அண்ணா,

உறையின் மேல், பிஷப்புக்கு எழுதும் முறைப்படி, 'மேதகு ஆயர்' என்று எழுதியிருக்கிறேன். உள்ளே நீ எனக்கு அண்ணன்தான். அம்மா நலம். முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

நேற்று எங்கள் புதிய சபையின் முதல் பூசை மரக்கடைக் கிடங்கில் நடந்தது. தற்கொலை செய்துகொண்ட பெண்ணுக்கு அடக்கப் பூசை வைத்ததற்காக நீ பணியிலிருந்து நீக்கிய அதே சாமியார்தான் நிறைவேற்றினார். கோயிலை நீ பூட்டிய பிறகு எங்களுக்கு வேறு இடம் ஏது? தானும் வருவேன் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள்.

பூசையில் திருத்தந்தை போப்புக்காகவும் ஆயருக்காகவும் பெயர் சொல்லி வேண்டிக்கொள்ளும் இடம் வந்ததும் சாமியார் நின்றுவிட்டார். இனி உங்கள் இருவருக்கும் நாங்கள் கட்டுப்பட்டவர்கள் இல்லை என்று சற்றுமுன்தான் அறிவித்திருந்தார். இப்போது யார் பெயரைச் சொல்வது?

முன்வரிசையிலிருந்து அம்மா, "எம் புள்ள பேரச் சொல்லுங்க சாமி," என்றாள். "ஆயரா வேணாம்னா விடுங்க. மனுஷனா நெனச்சுச் சொல்லுங்க."

பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். இறந்தவளின் கணவர் எழுந்து நின்றார்.

"சொல்லுங்க சாமி. அம்மா கேக்குறாங்கல்ல," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

சாமியார் உன் பெயரைச் சொன்னார். எல்லோரும் உனக்காக வேண்டினோம்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மா கேட்டாள்: "அவன் பூசையில நம்மளச் சொல்லுவானாடி?"

"கண்டிப்பா," என்றேன். உன்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டேன், அண்ணா.

இப்படிக்கு,
உன் தங்கை