என் கையில் துப்பாக்கி இருந்ததில்லை எனப் பதிவு செய்யக் கோருதல்

அனுப்புநர்:
தம்பிராசா குணரத்தினம்,
மூன்றாம் மாடி, இடப்பக்க வீடு,
லா சப்பல், 75018 பரிஸ்.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
ஆயுத அனுமதிப் பிரிவு,
பிரெபெக்சூர் மாவட்டச் செயலகம், பரிஸ்.

பொருள்: என் மகள் குணரத்தினம் லக்ஷனாவுக்குச் சுடும் போட்டிக்கான துப்பாக்கி வாங்க அனுமதி மறுக்கப்பட்டமை. வீட்டு விசாரணையில் நான் அளித்த வாக்குமூலம் பொய் ஆகையால் அதைத் திருத்தி, அவளது விண்ணப்பத்துக்கு வழிசெய்ய வேண்டுதல்.

பார்வை: தங்கள் 04.06.2024 திகதிய மறுப்புக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மணி அவர்களுக்கு,

1. நான் மேற்படி முகவரியில் இருபத்திரண்டு வருடமாக மனைவி வசந்தரூபியுடன் வசித்து வருகிறேன். கார் டு நோர் நிலையத்துக்குப் பின்னால் ஓர் உணவகத்தில் சமையல் வேலை. வயது ஐம்பத்துநான்கு. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அடுப்படிக்கும் மெத்ரோவுக்கும் போதும்; இதைச் சொல்லப் போதாது. ஊரில் சங்கக்கடையில் நான்கு வருடம் கூப்பன் எழுதியவன், கேட்ட சனத்துக்கெல்லாம் மனுவும் எழுதிக் கொடுத்தவன். ஆகவே தமிழில் எழுதுகிறேன். மனு நீண்டுவிட்டால் பொறுத்தருளவும். இரண்டு சொல்லில் பதில் சொல்லித்தான் இந்த நிலைக்கு வந்தேன்.

2. என் ஒரே மகள் லக்ஷனா இங்கேயே பிறந்தவள், பிரெஞ்சுப் பிரசை, வயது இருபத்தொன்று, மருந்தியல் படிக்கிறாள். பதினான்கு வயதிலிருந்து எபினே-சூர்-செய்னில் உள்ள ஒரு துப்பாக்கிச் சுடும் கழகத்தில் உறுப்பினர். தமிழ்ப் பிள்ளை பரதநாட்டியத்துக்குப் போகாமல் துவக்குச் சுடப் போகுதோ என்று, ரூ காய் தெருத் தமிழ்க்கடைகளில் மரக்கறி வாங்க நிற்கும் சனம் என்னிடம் கேட்காத கிழமை இல்லை. சனிக்கிழமைகளில் எனக்கு வேலை. ஏழு வருடத்தில் ஒரேயொரு தடவைதான் போய்ப் பார்த்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் அவள் ஒரு கையை நீட்டி, மற்றக் கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். வீட்டில் ஒரு நிமிடம் சும்மா இராத பிள்ளை. அவ்வளவு அமைதியாக அவளை நான் தொட்டிலில் கூடக் கண்டதில்லை. இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று அன்றிலிருந்து ஆசை.

3. கழகம் கொடுக்கும் இரவல் துப்பாக்கியின் பிடி அவள் கைக்குப் பெரிது. தேசியத் தெரிவுக்குப் போகிறவர்கள் தமக்கென்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஆகவே 2024 சனவரியில் சிறு ரகக் கைத்துப்பாக்கி ஒன்று வாங்க அனுமதி கேட்டாள். மருத்துவச் சான்று, கழகத்தின் சிபாரிசு, குற்றப் பதிவு இல்லை என்ற உறுதி எல்லாம் சரியாக இருந்தன. சட்டம் கேட்டபடி இரும்புப் பெட்டகம் வாங்கி, நானே சுவரில் துளை போட்டு முடுக்கினேன். (அதற்குள் இப்போது என் மனைவியின் கூறைச்சேலையும் தாலிக்கொடியும் இருக்கின்றன. "சுவரையும் உடைச்சுப்போட்டு வெறுமனே விடுறதோ" என்றாள்.)

4. 19.03.2024 செவ்வாய்க்கிழமை, என் விடுமுறை நாளில், விசாரணைக்கென ஒரு பெண் உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தார். மரியாதையானவர், சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். யார் யார் இருக்கிறீர்கள், வீட்டில் சண்டை சச்சரவு உண்டா, குடி உண்டா என்று கேட்டார். மகள் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தாள். கடைசியாக, இந்த வீட்டில் வேறு யாராவது முன்பு ஆயுதம் கையாண்டதுண்டா என்று கேட்டார். நான் "ஓம், எட்டு மாதம்" என்றேன். மகள் அதை உடனே மொழிபெயர்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். உத்தியோகத்தர் எழுதிக்கொண்டார்.

ஐயா, அது பொய். நான் என் வாழ்நாளில் துப்பாக்கி தொட்டதில்லை. தூரத்தில் கண்டாலே வேலிக்குள்ளால் புகுந்து ஓடியவன்.

5. அந்தப் பொய் வந்த வழியைச் சொல்ல வேண்டும். 1993இல் நான் இங்கு வந்து அகதிக் கோரிக்கை கொடுத்தபோது, எங்கள் ஆட்களுக்குக் "கேஸ்" எழுதிக் கொடுக்க வலன்ரைன் மாஸ்டர் என்றொருவர் இருந்தார். இப்போது உயிருடன் இல்லை. வவுனியாவில் சோதனைச் சாவடியில் என்னைப் பிடித்துப் பதினொரு நாள் தடுத்து வைத்து அடித்ததையும், இடது காது அன்றிலிருந்து சரியாகக் கேட்பதில்லை என்பதையும் அவரிடம் சொன்னேன். அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, உது காணாது. உப்பிடி ஆயிரம் பேருக்கு நடந்திருக்கு" என்றார். பிறகு, இயக்கம் என்னைக் கட்டாயமாகக் கொண்டுபோய் எட்டு மாதம் ஆயுதப் பயிற்சி தந்ததாகவும், நான் காட்டுக்குள்ளால் தப்பி வந்ததாகவும் பன்னிரண்டு பக்கம் எழுதினார். நான் அதைப் பாடமாக்கினேன். நேர்முகத்தில் ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தேன். அகதி அந்தஸ்து கிடைத்தது.

தங்கள் உத்தியோகத்தர் வந்த நேரம், என் பத்து வருட வதிவிட அட்டை புதுப்பிப்புக்குப் போயிருந்தது. ஒரு கோப்பில் ஓம் என்றும் மற்றக் கோப்பில் இல்லை என்றும் இருந்தால், இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பார்கள், பிடிபட்டுவிடுவேன் என்று நினைத்தேன். அப்படி யாரும் வைத்துப் பார்ப்பதில்லை என்று பிறகு ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். முப்பது வருடமாகியும் எங்கள் ஆட்களுக்கு இந்தப் பயம் போவதில்லை. முதலில் சொன்னதையே கடைசிவரைக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் மாஸ்டர் எங்களைப் பழக்கினார்.

6. இந்தப் பத்தி தங்கள் அலுவலுக்குத் தேவையா என்று தெரியவில்லை. உண்மை சொல்லத் தொடங்கிய பிறகு பாதியில் நிறுத்த மனம் வரவில்லை. உத்தியோகத்தர் வந்த நாளிலிருந்து மறுப்புக் கடிதம் வந்த நாள்வரை பதினொரு வாரம். அதற்கு முன் என் மகள் என்னோடு பேசியதெல்லாம் சாப்பாடு, கதவுத் திறப்பு, வைஃபை. நான் தமிழில் கேட்பேன். அவள் பிரெஞ்சில் ஏதோ சொல்லிக்கொண்டே அறைக்குள் போய்விடுவாள். அந்தப் பதினொரு வாரமும் ஒவ்வொரு செவ்வாயும் வகுப்பு முடிந்து நேரே வீட்டுக்கு வந்து, குசினியில் எனக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள். தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் கேட்டாள். "அப்பா, பயமா இருந்ததா? துவக்கு பாரமா? ஏன் எனக்கு ஒண்டும் சொல்லேல்ல?" நான் மாஸ்டர் எழுதிய பன்னிரண்டு பக்கத்தையும் அவளுக்குச் சொன்னேன். காடு, மழை, காலில் புண், எல்லாம். அவள் கண் கலங்கினாள். என் கையைப் பிடித்து விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரே தொழில் தெரிந்த இரண்டு பேர் பேசிக்கொள்வதுபோல, விசையை அழுத்தும்போது மூச்சை எப்போது விட வேண்டும் என்று என்னிடம் கேட்டாள் ஐயா! எனக்கு என்ன தெரியும்? வெங்காயம் வெட்டுகிறவன். "சுட முதல் பாதி விட வேணும்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "ஓம் அப்பா, எங்கட பயிற்சியாளரும் அப்பிடித்தான் சொல்றவர்" என்று துள்ளினாள்.

இல்லை என்று சொல்ல எனக்குப் பதினொரு செவ்வாய் இருந்தன. சொல்லவில்லை. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. அடி வாங்கிய கதை அன்று மாஸ்டருக்கே போதவில்லை. அடி வாங்கிய அப்பா இவளுக்கும் போதாமல் போய்விடுவானோ என்று பயந்தேன். அவள் அப்படி என் முன்னால் வந்து இருக்க வேண்டும் என்று எத்தனை வருடம் ஏங்கியிருக்கிறேன் என்பது, அவள் வந்து இருந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. இப்போதும் செவ்வாய் பின்னேரம் மின்தூக்கிச் சத்தம் கேட்டால் எழும்பிப் போய்க் கதவைத் திறந்து பார்க்கிறேன். எதிர்வீட்டுக்காரர் பொன்சூர் என்று வணக்கம் சொல்கிறார்.

7. 04.06.2024 கடிதத்தில், ஒரே வீட்டில் வசிப்பவர் ஒருவரின் ஆயுதப் பின்னணி காரணமாக அனுமதி இல்லை என்று இருந்தது. இது தங்கள் அலுவலகத்தின் பிழை அல்ல. நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. ஆகஸ்டில், சுவிஸில் இருக்கும் என் மனைவியின் தமையன் இராஜேந்திரன், "அங்க தராட்டி இஞ்ச வா பிள்ளை, மாமா என்ர பேரில எடுத்துத் தாறன்" என்று மகளைக் கூப்பிட்டார். அவர் எதையும் அப்படித்தான் எடுத்துக் கொடுப்பவர். குளிர்சாதனப் பெட்டிக்கும் துப்பாக்கிக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது. பிரான்சில் வசிப்பவர் பிரான்சின் சம்மதக் கடிதம் இல்லாமல் வேறு நாட்டில் வாங்க முடியாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம். ஒருவருக்காக இன்னொருவர் தன் பெயரில் வாங்குவது குற்றம் என்றும் சொன்னாராம். பிறகு மைத்துனரின் இலங்கைக் கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு, எப்படியும் இலங்கைப் பிரசைக்கு ஆயுதம் விற்கச் சுவிஸ் சட்டம் விடாது என்று கைவிரித்தாராம். முப்பது வருடம் அங்கே வேலை செய்து உழைத்த மனிதர், கடவுச்சீட்டைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு முதல் ஆளாய் வெளியே போனாராம். ஒன்றும் வாங்கப்படவில்லை. என் மகள் களவு செய்யப் போனாள் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்டாள், இல்லை என்றார்கள், ரயிலேறி வந்துவிட்டாள்.

8. செப்டெம்பரில் அவள் வீட்டை விட்டுப் போனாள். முகவரி வேறாக இருந்தால் அனுமதி கிடைக்கும் என்று கழகத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஓல்னே-சூ-புவாவில் சிவாஜினி என்ற சிநேகிதியோடு ஓர் அறையில் இருக்கிறாள். பெட்டியோடு வாசலில் நின்று, "உங்களில கோவம் இல்லையப்பா. உங்களைக் கட்டாயப்படுத்தித்தானே கொண்டுபோனவை" என்றாள். நான் செய்யாத ஒன்றுக்கு என்னை மன்னித்துவிட்டுப் போனாள். ஏசிவிட்டுப் போயிருந்தால் தாங்கியிருப்பேன்.

அங்கிருந்து புதிதாக விண்ணப்பித்திருக்கிறாள். அந்தப் பகுதி அலுவலகம் பழைய கோப்பைத் தங்களிடம் கேட்டிருப்பதாக அறிகிறேன். அது போனால் என் "ஓம், எட்டு மாதம்" என்பதும் அவளுக்குப் பின்னாலேயே போகும். இந்த வீட்டோடு தனக்குத் தொடர்பில்லை என்று காட்ட வேண்டும் என்பதற்காக அவள் இங்கு வருவதே இல்லை. பொங்கலுக்கும் வரவில்லை. "இஞ்சாருங்கோ, பிள்ளை இல்லாமல் ஆருக்குப் பொங்குறது" என்று வசந்தரூபி பானையை எடுக்கவேயில்லை. ஓல்னே இங்கிருந்து ரயிலில் அரை மணித்தியாலம் கூட இல்லை.

9. ஆகவே தயவுடன் வேண்டுவது:

(அ) 19.03.2024 அன்று நான் அளித்த வாக்குமூலம் பொய் என்று கோப்பில் பதிவு செய்யவும். தம்பிராசா குணரத்தினம் எட்டு மாதமல்ல, எட்டு நிமிடமும் ஆயுதம் ஏந்தியதில்லை என்று எழுதினால் போதும்.

(ஆ) பழைய கோப்பு ஓல்னே பகுதி அலுவலகத்துக்குப் போகுமானால் இம்மனுவும் சேர்ந்து போகட்டும். தேசியத் தெரிவு மே மாதத்தில். அதற்கு முன் முடிவு கிடைக்க ஆவன செய்யவும்.

(இ) பொய் சொன்னதற்கான நடவடிக்கையை என்மீது எடுக்கவும், அவள்மீது வேண்டாம். 1993ஆம் ஆண்டுக் கோரிக்கை பற்றிக் கேட்டாலும் வந்து பதில் சொல்வேன். அட்டை போனால் போகட்டும் என்று வீரம் பேசவில்லை. போனால் எனக்குப் போக்கிடம் இல்லை. பயமாகத்தான் இருக்கிறது.

10. முதலில் எழுதிய படியில், மகளுக்குக் காரணம் சொல்லாமல் அனுமதியை மட்டும் கொடுக்கும்படி நான்காவதாக ஒரு வேண்டுகோள் இருந்தது. அதை வெட்டிவிட்டேன். நாளை செவ்வாய். ஓல்னேக்குப் போய் இதை அவளுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, நான் வாசித்துக் காட்டினால் விளங்கும். பிரெஞ்சில் எழுதித் தரும்படியும் அவளைத்தான் கேட்கப் போகிறேன். அவள் கதவைச் சாத்தினால், வேறு ஆளைப் பிடித்து எழுதுவித்து அனுப்புவேன். எப்படியும் இம்மனு தங்கள் கைக்கு வரும். வந்ததும் இந்தப் பிள்ளைக்கு நியாயம் செய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: பரிஸ்
திகதி: 10.03.2025

இப்படிக்கு,
தங்கள் கோப்பில் பிழையாக எழுதப்பட்டிருக்கும்,
(ஒப்பம்) தம்பிராசா குணரத்தினம்

இணைப்புகள்:
1. மறுப்புக் கடிதத்தின் படி.
2. வதிவிட அட்டையின் படி.
3. இடது காது பற்றிய வைத்திய அறிக்கை.
4. பிரெஞ்சு மொழிபெயர்ப்பு, 11.03.2025, என் மகள் லக்ஷனாவின் கையெழுத்தில். ஆறாம் பத்தியை அவள் மொழிபெயர்க்கவில்லை. "அது பிரெபெக்சூருக்கு இல்லையப்பா, எனக்கு" என்று சொல்லி, அந்தப் பத்தி உள்ள தாளைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். தங்களுக்கு அனுப்பியிருப்பது அதன் நிழற்பிரதி.