கோட்டையில் ஒரு தலை குறைந்தது

என் செல்லக் கலாவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே, நீ எங்களையெல்லாம் விட்டுப் போய் இரண்டு வருஷமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. சொல்ல நல்ல சேதி எதுவும் இல்லையடி. உனக்குப் பிறகு நம் பள்ளிப் பிள்ளைகளை யாரும் எங்கேயும் வெளியே கூட்டிப்போகவில்லை. "கலா டீச்சர் இருந்தாங்க, தைரியமா அனுப்புனேன். உங்களுக்குப் பொறுமை கெடையாதும்மா" என்று நம் தலைமையாசிரியர் என் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். பொய்யா சொன்னார்?

இந்த வருஷம் ஒற்றைக்காலில் நின்று சம்மதம் வாங்கினேன். செஞ்சிக்கோட்டைக்கு மட்டும். அதற்கும் ஒரு நிபந்தனை: ஏதாவது ஏடாகூடமானால் இனிமேல் டூர் என்ற பேச்சே எடுக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை கிளம்பினோம், ஏழாம் வகுப்பு முப்பத்தெட்டுப் பேர். களஞ்சியத்துக்குள் நின்று கூவி எதிரொலி கேட்டார்கள். பாறை இடுக்கில் வேர்விட்ட மரத்தை நோட்டில் வரைந்தார்கள். ஆனால் ஒரு குரங்கு என் கைப்பையைப் பிடுங்க வந்ததுதான் அவர்களுக்கு அன்றைய பெரிய வரலாறு.

"சாப்பாட்டு டைம்" என்று அறிவித்துவிட்டு, கல்யாண மகால் பக்கம் எல்லோரையும் உட்காரவைத்து எண்ணினேன். முப்பத்தேழு. மறுபடி எண்ணினேன், முப்பத்தேழுதான். பவித்ராவைக் காணோம்.

ஐயோ கலா, அந்த நிலைமை எதிரிக்குக்கூட வரக் கூடாது. கூட வந்த சாந்தி டீச்சரிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு யானைக்குளத்துக்கு ஓடினேன். தண்ணீர் பச்சையாக, அசையாமல் கிடந்தது. கரையைச் சுற்றிச் சுற்றி அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். உன்மேல்தான் கோபம் கோபமாக வந்தது. என்னை இப்படித் தனியாக விட்டுவிட்டு எங்கேடி போனாய்? டூரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், பிள்ளை கிடைத்தால் போதும் என்று எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

திரும்பி வந்தால், கோட்டை வாசல் வழியாக அவள் ஆடி அசைந்து வருகிறாள். கையில் தூக்குவாளி. பின்னால் அவள் அம்மா.

"எங்கடி போய்ட்ட?"

"சாப்ட வூட்டுக்குப் போனேன் டீச்சர். எங்க வூடு இங்கதான இருக்குது. நீங்கதான சாப்பாட்டு டைம்னு சொன்னீங்க?"

"இன்னா டீச்சர், டென்ஷன் ஆயிட்டீங்களா?" என்றார் அம்மா. "இவ லீவுல ஆடு ஓட்டிக்கினு வர்ற எடம்தான இது. உங்களுக்குக் கருவாட்டுக் கொழம்பு எடுத்தாந்தேன், சாப்டுங்க."

அறையத்தான் கையை ஓங்கினேன். அதே கையால் அவளை இழுத்து அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டேன். பிள்ளைகள் எல்லாம் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

அப்புறம்தான் உறைத்தது. கோட்டை மதிலோரம் வளர்ந்தவளுக்கே கோட்டையைக் காட்டக் கூட்டிவந்திருக்கிறேன், வீடு எங்கே என்று ஒரு வார்த்தை கேட்காமல். நீ கேட்டிருப்பாய், இல்லையா? சாப்பிட்ட பிறகு அவள்தான் முன்னால் நடந்தாள். எந்தச் செடியில் ஆடு வாய் வைக்காது, மழை பெய்தால் எந்தப் படி வழுக்கும் என்று அவள் சொல்லச் சொல்ல, நானும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

திங்கட்கிழமை எதையும் மறைக்காமல் தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். "இனிமே டூர் பேச்சே எடுக்க மாட்டேன் சார்" என்றும் சொல்லிவிட்டேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்தப் புள்ளைய அடிச்சீங்களா?"

"இல்ல சார். கட்டிப் புடிச்சிக்கினு அழுதுட்டேன்."

"அப்பச் சரி. அடுத்தது பனமலைக் கோயில். தேதி பாருங்க."

இரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டதடி. நம் பிள்ளைகள் இனி வெளியே போவார்கள். கிளம்பும் முன்னால் ஒவ்வொருவரிடமும் வீடு எங்கே என்று கேட்பேன், இது சத்தியம். என் கோபத்தைப் பற்றி மட்டும் சத்தியம் கேட்காதே.

உன் கூடப்பிறக்காத அக்கா,
மல்லிகா