இரு முனையும் ஒரே பெட்டியில்

நேற்று மத்தியானம் எங்கள் கிளிநொச்சி அலுவலகத்தில் கணினிகள் எல்லாம் ஒரு நிமிடம் தடுமாறி, பிறகு தாமாகவே சரியாகிவிட்டன. பார்க்க வந்த தொழில்நுட்பக்காரி மேசைக்குப் பின்னால் குனிந்து, ஒரு வயரின் இரண்டு முனைகளையும் யாரோ கணினிகளை இணைக்கும் ஒரே சுவிச் பெட்டியில் குத்தியிருக்கிறார்கள் என்று சிரித்தாள். இப்போதைய பெட்டிகள் அதைக் கண்டுபிடித்து அந்த முனை குத்திய ஓட்டையை மூடிவிடுமாம். பயப்பட ஒன்றுமில்லையாம். அவள் போன பிறகும் அந்தப் பச்சை விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீர் கண்மூடி நாற்பது நாளாகிறது. உமக்கு இதை எழுத எனக்கு இருபது வருடத்துக்கு மேல் சென்றிருக்கிறது.

சண்டைக் காலத்தில் வவுனியாவில் நாம் வேலை பார்த்த அந்த நிவாரண அலுவலகத்தை நீர் மறந்திருக்கமாட்டீர். வன்னிக்குள் போய்த் தம் சொந்தங்களைப் பார்க்க விரும்புகிறவர்களின் விண்ணப்பங்களை எட்டு மேசைகளில் இருந்து பதிவோம். எட்டும் ஒரு பிரதான கணினியில் சேர்ந்து, பட்டியலாக அச்சாகி, காலை பத்து மணிக்கு முன் அனுமதி கொடுக்கும் இடத்துக்குப் போய்விட வேண்டும். பத்து தாண்டினால் வாங்கமாட்டார்கள். அந்தக் கடதாசியில் பெயர் இல்லாதவர் பஸ்ஸில் ஏற முடியாது. வாரத்தில் ஒரு நாள்தான் அந்தப் பஸ். முற்றத்தில் பைகளின் மேல் குந்தியிருந்த சனத்தின் முகத்தைப் பார்க்க அஞ்சி நான் யன்னலுக்கு முதுகு காட்டித்தான் இருப்பேன்.

அப்போது எட்டுக் கணினிகளையும் இணைக்க எங்களிடம் இருந்தது ஒரு பழைய ஹப் பெட்டி. பட்டியல் சேருவதற்குள் உயிர் போய்விடும். கணினி பழுது என்று முகாமையாளர் சொல்லிக்கொண்டிருக்க, நீர் மட்டும் அந்தப் பெட்டியைத்தான் குற்றம் சொன்னீர். "இது ஒராள் கதைக்கிறதை எல்லாற்றை காதிலையும் கொண்டுபோய்ப் போடுது. ரெண்டுபேர் ஒண்டாய்க் கதைச்சால் ரெண்டும் பழுது, திரும்ப முதல்லையிருந்து சொல்லவேணும். எட்டுப்பேர் கதைச்சால் என்ன நடக்கும்?" என்று அவரிடமே கேட்டீர். மூன்று மாதம் அந்த மனிதனை நிம்மதியாகத் தேத்தண்ணீர் குடிக்கவிடவில்லை. கடைசியில் உம்முடைய கரைச்சல் தாங்காமல்தான் கொழும்பில் சுவிச் வாங்க அனுமதித்தார். துவாயில் சுற்றி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தீர். சோதனைச் சாவடிகளில் நான்கு தரம் அவிழ்க்க வைத்தார்களாம்.

பூட்டிய அன்று, அது எப்படி வேலை செய்கிறதென்று எனக்குச் சொல்லித்தான் விடுவேன் என்று நின்றீர். ஒவ்வொரு கணினிக்கும் பிறக்கும்போதே ஓர் இலக்கம் உண்டு. எந்த இலக்கம் எந்த ஓட்டையால் பேசுகிறது என்று சுவிச் கவனித்து எழுதி வைத்துக்கொள்ளும். பிறகு அந்த இலக்கத்துக்கு வருவதை அந்த ஓட்டைக்கு மட்டும் அனுப்பும், மற்றவர்களைக் கரைச்சல்படுத்தாது. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சோடிகள் முட்டாமல் பேசலாம். யாரென்று தெரியாத இலக்கத்துக்கு வந்தால் மட்டும், வந்த ஓட்டையைத் தவிர எல்லா ஓட்டைகளாலும் கேட்டுப் பார்க்கும். எல்லோருக்குமென்று வருவதையும் அப்படித்தான் அனுப்பும். எனக்குப் பாதிதான் விளங்கியது, ஆனால் தலையாட்டினேன். அடுத்த பஸ் நாளில் எட்டரைக்கே பட்டியல் கையில் இருந்தது. முற்றத்துச் சனத்துக்குச் சுவிச்சைத் தெரியாது. பஸ் தவறுவது நின்றது மட்டும் தெரியும்.

துணுக்காயில் உம்முடைய அம்மாவுக்கு வருத்தம் கடுமை என்று கைக்கடிதம் வந்தது அதற்குப் பிறகு. மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய மனுசி, உம்மைப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டே கிடக்கிறா என்று அண்ணன் எழுதியிருந்தார். எங்கள் கையில்தானே பட்டியல், முதல் வாரமே பெயரைப் போடும் என்று நான் சொன்னேன். நீர் கேட்கவில்லை. முற்றத்தில் இருப்பவர்களைப் போலவே விண்ணப்பம் கொடுத்து வரிசையில் நின்றீர். மூன்றாம் வாரம் உம்முடைய முறை வந்தது. அது வாணி விழாவுக்கு, அலுவலகச் சரஸ்வதி பூசைக்கு, அடுத்த நாள்.

வாணி விழாவன்று நீர் பயணத்துக்குச் சாமான் வாங்கக் கடைக்குப் போய்விட்டீர். பூசைப் பொறுப்பு என்னுடையது. கணினிகளைக் கழற்றித் தூசு தட்டி, சுவிச்சையும் எடுத்துத் துடைத்து, எல்லாவற்றையும் படத்துக்கு முன்னால் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். நீர் வயர்களில் இலக்கம் ஒட்டி வைத்திருந்ததால் திரும்பப் பூட்டுவது பெரிய வேலையாக இருக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால், உபரியாகக் கிடந்த நீல வயர் ஒன்று. அதன் ஒரு முனையை நானே அவசரத்தில் சுவிச்சில் குத்தியிருக்கிறேன், மற்ற முனை கீழே தொங்கியது. நல்ல நாளும் அதுவுமாய் ஒரு வயர் அந்தரத்தில் தொங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. வெறுமையாக இருந்த ஓட்டையில் அதையும் குத்திவிட்டு, கடலை தின்றுகொண்டு வீட்டுக்குப் போனேன்.

விடிய நீர் பையோடு வந்து முற்றத்துச் சனத்தோடு இருந்தீர். உள்ளே நாங்கள் கணினிகளைப் போட்டதும் சுவிச்சின் விளக்குகள் எல்லாம் ஒன்றாக, நிறுத்தாமல் அடிக்கத் தொடங்கின. எதுவும் அசையவில்லை. பிளொப்பித் தட்டில் பதிந்து எடுப்போம் என்றால் பிரதான கணினியே விறைத்துப் போயிருந்தது. நிறுத்திப் போட்டோம், திரும்ப விறைத்தது. உம்மைக் கூப்பிட்டேன். பையை வாசலில் வைத்துவிட்டு வந்தீர். ஒவ்வொரு கணினியாகப் பார்த்து, கடைசியில் மேசைக்குக் கீழ் தவழ்ந்து ஒவ்வொரு வயராகத் தடவிப் போய் அந்த நீல வயரைப் பிடித்தீர். எல்லோருக்கும் என்று ஒரு கணினி அனுப்பியது, ஒரு முனையால் வெளியே போய் மறு முனையால் உள்ளே வந்து, திரும்பவும் எல்லோருக்குமாகி, முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அதைப் பிடுங்கியதும் விளக்குகள் அடங்கின. மணி பத்தேகால்.

வயர் முனையில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. என்னுடைய விரல் அடையாளம். நீர் அதைப் பார்த்தீர், பிறகு என்னைப் பார்த்தீர். "ஆர் இதைக் குத்தினது?" என்று முகாமையாளர் கத்தினார். நான் வாயைத் திறக்கவில்லை. நீர் சேலைத் தலைப்பால் சந்தனத்தைத் துடைத்துவிட்டு, "ஆரெண்டு தெரியாது சேர். இனிச் சரி" என்றீர்.

அன்று பஸ் வெறுமையாகப் போனது. அடுத்த வாரம் நீர் போனபோது அம்மாவை எரித்து மூன்று நாள். திரும்பி வந்து என் மேசைக்கு முன்னால் இருந்து, "என்ரை பேரைச் சொல்லிச் சொல்லித்தான் போனவாவாம்" என்று மட்டும் சொன்னீர். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீர் கொண்டுவந்த தயிரைப் பங்கிட்டுச் சாப்பிட்டோம். பிறகு எத்தனையோ வருடம், உம்முடைய கலியாணம், மகள், என்னுடைய இடமாற்றம், எல்லாம் போயின. ஒரு நாளும் நீர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

உம்முடைய எட்டாம் நாள் சடங்குக்கு, எட்டுச் செலவுக்கு, வந்தேன். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது உம்முடைய மகள் பக்கத்தில் வந்து இருந்தாள். மாமாவும் அம்மாவும் ஏன் கடைசி வரை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை என்று எனக்குத் தெரியுமா எனக் கேட்டாள். காணிப் பிரச்சினை என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

"அம்மம்மா செத்த நேரம் ஏன் பிந்தி வந்தனீ எண்டு மாமா கேட்டவராம். பிழையா வயர் குத்தினது நான்தான் எண்டு அம்மா சொன்னவாவாம். அண்டையோடை மாமா கதைக்கிறதை விட்டிட்டார்" என்றாள். "நீங்களும் அங்கைதானே அன்ரி வேலை செய்தனீங்கள்? அது அம்மாதானே?"

யாரென்று சொல்லியிருந்தால் உம்முடைய அண்ணன் என் வாசலுக்கு வந்திருப்பார். அதைத் தெரிந்துதான் நீர் அப்படிச் சொல்லியிருக்கிறீர். தேங்காயைக் கீழே வைத்தேன். யன்னலால் பார்த்தால் அவர் முற்றத்தில் கதிரையில் தலை குனிந்து இருந்தார். எழும்பிப் போனால் பத்து அடிதான்.

"ஓம் பிள்ளை. அம்மாதான்" என்றேன்.

உமக்கு இவ்வளவும் எழுதிவிட்டேன். வயரைக் குத்தியது நான்தான் என்று உம்முடைய அண்ணனுக்கு ஒரு வரி எழுத நேற்றிலிருந்து கடதாசியை எடுத்து வைத்திருக்கிறேன், இன்னும் பெயரைக்கூட எழுதவில்லை.